பட்டப்பகலில் அவிழ்ந்த குட்டிகள்

அல்மாஸ்னு ஒருத்தன் எங்க மேய்ச்சல் மலையில பைக்கை நிறுத்தினப்பவே எனக்கு ஆகல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூரியன் ரெண்டு நிமிஷம் முழுசா மறையுமாம். எல்லாரும் குன்று மேல ஏறிப் பாக்கணுமாம். பாக்கறதுக்குக் கறுப்புக் கண்ணாடியும் இனாமா குடுத்தான். இந்தக் காலத்தில எவன் எதை இனாமா குடுக்கறான்?

போதாக்குறைக்கு, "உங்க குதிரைங்க எத்தனைக்கா? அந்த இருட்டில அதுங்க என்ன பண்ணும்?"னு வேற கேட்டான். திருட வர்றவன் கேக்கற கேள்விதானே இது?

போன வருஷம் பட்டது போதாதா? கல்யாண வீட்டுக்குப் போறப்ப ராத்திரிக்கும் சேர்த்துக் குட்டிங்களை வரிசையாக் கட்டியே வச்சுட்டுப் போனேன். குட்டி கட்டியிருந்தா தாய் எங்கயும் நகராது. திரும்பி வந்தா ஒரு இடம் மட்டும் காலி. குட்டியும் இல்ல, தாயும் இல்ல. கயிறு தானா அவிழுமா? பக்கத்துக் கூடாரத்து ஒரின்பாய் அண்ணன் மட்டும்தான் கல்யாணத்துக்கு வரல. வேற யாரு எடுத்திருப்பா? மலை முழுக்கச் சொன்னேன். அதுலேர்ந்து அவர்கூட உட்கார்ந்து குமிஸ், அதான் புளிச்ச குதிரைப் பால், குடிக்க ஆள் இல்ல. இந்த அல்மாஸ் தங்கியிருக்கறதும் அவர் கூடாரத்திலதான். இதுக்கு மேல என்ன வேணும்?

எனக்கு மிச்சம் ஒன்பது தாய்க் குதிரை, ஒன்பது குட்டி. தாய்ங்க பாலை வச்சுதான் எங்க அடுப்பே எரியுது.

"சூரியன் எவ்ளோ பெரிசு! அதைப் போய் நிலா மறைக்குமா? யார்கிட்ட காது குத்தறே?"ன்னு கேட்டேன்.

அல்மாஸ் என் தட்டிலேர்ந்து காஞ்ச தயிர் உருண்டை ஒண்ணை எடுத்தான். "ஒரு கண்ணை மூடிட்டு இதை மறு கண்ணுக்குக் கிட்ட பிடிங்கக்கா. எதிர்ல மலை தெரியுதா?"

"இல்ல."

"அவ்ளோதான். நிலா சின்னது, ஆனா கிட்ட இருக்கு. அமாவாசையில நமக்கும் சூரியனுக்கும் நடுவுல வந்தா அதோட நிழல் நம்ம மேல விழும். பௌர்ணமியில நம்ம பூமி நடுவுல நின்னா, பூமியோட நிழல் நிலா மேல விழும். அது சந்திர கிரகணம்."

"அப்ப ஏன் மாசாமாசம் வரல?"

"நிலாவோட பாதை கொஞ்சம் சாய்வுக்கா. முக்காவாசி நேரம் மேலயோ கீழயோ ஒதுங்கிப் போயிடும்."

பதில் டக்டக்குன்னு வந்துச்சு. இவ்ளோ தயாரா வர்றவனை எப்படி நம்பறது?

"உனக்குக் கிறுக்குடி ரைகான்"னு என் வீட்டுக்காரர் பெகென் சிரிச்சார்.

"நீங்க எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு வானத்தைப் பாருங்க. நான் என் குதிரையைப் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை எல்லாரும் குன்று ஏறிட்டாங்க. நான் சூரியனுக்கு முதுகைக் காட்டி, சாட்டையோட குட்டிங்க பக்கத்தில உட்கார்ந்தேன். வெளிச்சம் வெளுத்துச்சு, குளிர் அடிச்சுது, பறவைச் சத்தம் நின்னுது. திடீர்னு ஒரே இருட்டு. குன்று மேல ஒரே கூச்சல். தாய்க் குதிரைங்க கனைச்சுக்கிட்டே குட்டிங்ககிட்ட வந்து நின்னுச்சு. நான் தலையைத் தூக்கவே இல்ல. மனுஷக் கால் தெரியுதான்னு மட்டும்தான் பாத்தேன். சத்தியமா ஒருத்தனும் வரல.

வெளிச்சம் திரும்பினா ஒரு குட்டிகூட இல்ல! குளம்புச் சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம் கேக்குது.

"திருடன்! விடாதீங்க!"ன்னு கத்திக்கிட்டே குன்று மேல ஓடினேன். பெகென் அல்மாஸ் சட்டையைப் பிடிச்சார். பக்கத்தில ஒரின்பாய் அண்ணன். "ஜோடி போட்டுத் திருடறீங்களா?"ன்னு கேட்டேன்.

"நாங்க இங்கயேதான் நின்னோம்கா, எல்லாரும் பாத்தாங்க"ன்னான் அல்மாஸ்.

பெகென் சட்டையை விட்டுட்டு என்னையே பாத்தார். "ரைகான், உன் தோள்ல என்ன?"

குட்டிங்களைக் கட்டியிருந்த ஒன்பது தலைக்கயிறு.

இருபது வருஷமா இதே வேலைதான்: பால் கறக்கப் பகல்ல குட்டிங்களைக் கட்டி வைப்பேன், இருட்டினதும் தாய்ங்க கனைக்கும். நான் குட்டிங்களை ஒண்ணொண்ணா அவிழ்த்து, கயிறைத் தோள்ல போட்டுக்குவேன். ராத்திரி முழுக்கத் தாயும் குட்டியும் சேர்ந்து மேயும். கண்ணு திருடனைத் தேடிக்கிட்டிருந்தப்ப கை அது பாட்டுக்கு வேலையை முடிச்சிருக்கு.

ஒருத்தரும் சிரிக்கல. ஒரின்பாய் அண்ணன் குதிரை ஏறிப் போய், எல்லாத்தையும் ஓட்டிட்டு வந்தார்.

அப்பதான் போன வருஷம் மனசுல இடிச்சுது. கல்யாணத்துக்குக் கிளம்பினப்பவும் இருட்டற நேரம்தானே? ஒரு குட்டியை நானே அவிழ்த்த பிறகுதான் கட்டியே வைக்கணும்னு நெனைப்பு வந்து, அதுவும் தாயும் மேயப் போய்த் தொலைஞ்சுதோ? ஞாபகமே இல்ல. அவமானத்தில செத்துடலாம் போல இருந்துச்சு.

"அண்ணே, போன வருஷம்..."னு ஆரம்பிச்சேன்.

அவர் என் முகத்தைப் பாக்கல. "ஒன்பதும் இருக்கான்னு எண்ணிக்கோம்மா"ன்னார். "எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் இங்கயே நிக்கறேன்."