வரிசையில் ஆறாவது விளக்கு

1

இந்தக் கதை எனக்குச் சூப் கரண்டியோடு கிடைத்தது. எங்கள் பனிவண்டி கிளப்பின் குடிலில் சனிக்கிழமைதோறும் பட்டாணி சூப் ஊற்றுவது என் வேலை. பனிமேல் ஓடும் அந்த மோட்டார் வண்டியை ஓட்ட எனக்குப் பயம். அதனால் பதினெட்டு வருடமாகக் கனடா எல்லையோர மடவாஸ்காவில் இருந்தும் எனக்குக் கிடைத்த ஒரே பதவி இதுதான். சூப்புக்கு வரிசையில் நிற்பவர்கள் பசியில் உண்மையைப் பேசுவார்கள். குடித்து முடித்தவர்கள் அதையே கொஞ்சம் பெரிதாக்கிப் பேசுவார்கள். இரண்டுக்கும் நடுவே நின்று கேட்டவன் நான்.

கதை ஒரேல் லோசியே என்பவரைப் பற்றியது. வயது ஐம்பத்து மூன்று, லாரி பட்டறை வைத்திருக்கிறார். தொடங்கிப் பார்க்கிறேன்.

"வெண்பட்டு விரித்ததுபோல் பனி மலைச்சரிவில்

(வேண்டாம். பிப்ரவரியில் இங்கே யாரும் பனியை ரசிப்பதில்லை, வாருகிறார்கள்.)

"ஒரேல் லோசியே நன்றாகக் குடித்திருந்தார்."

(அருமையான தொடக்கம். ஒரே குறை, அது பொய். போன வருடமென்றால் உண்மையாக இருந்திருக்கும். இந்த வருடம் அவர் குடிக்கவில்லை. குடிலுக்குக் குடில் நிறுத்திக் குடிப்பதைப் பற்றி ஒரு கதை எழுத உட்கார்ந்தால், வாய்த்த ஆள் குடிக்க மாட்டேன் என்கிறார். என் ராசி அப்படி.)

2

போன வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வருடம் ஒருமுறை எங்கள் கிளப்பில் ஐந்து குடில் சுற்று நடக்கும். காலையில் கிளம்பி, காட்டுப்பாதையில் உள்ள நான்கு கிளப் குடில்களில் நின்று, அட்டையில் முத்திரை வாங்கி, உறைந்த ஏரியைக் கடந்து ஐந்தாவதான எங்கள் குடிலுக்குச் சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும். பாதையில் குடிக்கக் கூடாது என்பது சட்டம். ஆளுக்கொரு குப்பியை உள்பையில் வைத்திருப்பது வழக்கம். சட்டமும் வழக்கமும் ஒன்றையொன்று பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போய்விடும்.

போன வருடம் மார்ச்சில் ஒரேல் நான்கு குடில்களிலும் வஞ்சனையில்லாமல் நின்று குடித்தார். பிறகு நாலு பேரைப் பின்னால் கூட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினார். காற்று பனியை வாரி இறைத்ததில் வழி காட்ட நட்டிருந்த பாதைக் குச்சிகள் மறைந்துவிட்டன. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு தெரிந்தது. யாரோ வழி தெரிந்தவர் போகிறார் என்று அதன் பின்னாலேயே போனார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். ஏரி நடுவில் பத்துப் பன்னிரண்டு பைன் மரம் உள்ள ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. அவர் துரத்திய சிவப்பு விளக்கு, அவர் வரிசையிலேயே கடைசியாக வந்த மச்சான் க்ளோவிஸின் பின்விளக்கு. திட்டைச் சுற்றிப் பதினோரு சுற்று. க்ளோவிஸின் வண்டியில் பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் நின்றார்கள்.

பக்கத்தில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் சுற்றுகளை எண்ணியிருக்கிறார். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "ஏதோ போட்டின்னு நெனச்சேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒரேலுக்குப் பெயர் ராட்டினம். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். மறுநாளே ஒரேல் குடியை விட்டார். பதினொரு மாதம் ஆகிறது.

3

அவருக்கு ஓர் ஆசை உண்டு. எங்கள் கிளப்பில் பனிப்பாதையைச் சமன் செய்யும் பெரிய வண்டி ஒன்று இருக்கிறது. அது போன தடத்தில் பாதை சீப்பால் வாரியதுபோல வரிவரியாக இருக்கும். அதை ஓட்டுபவரை ஊரே மதிக்கும். ஓட்டிக்கொண்டிருந்தவர் முழங்கால் வலியென்று ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். சாவி கிளப் தலைவி நார்மாண்டின் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஒரேல் அங்கே வரும்போதெல்லாம் சாவியைப் பார்க்காததுபோல் பார்ப்பார்.

"கண்ணு போற எடம் தெரியுது ஒரேல்," என்றார் நார்மாண்ட் ஒருநாள். "தர்றேன். ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்கக்கா."

"இந்த வருஷச் சுத்துக்கும் நீதான் முன்னால போற. ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. எத்தன பேரக் கூட்டிட்டுப் போறியோ அத்தன பேரோட வரணும். ஒண்ணு கொறையவும் கூடாது, கூடவும் கூடாது."

"கூடுறதுக்கு எப்பிடிக்கா கூடும்?"

"பதினோரு சுத்து சுத்துன ஆளு நீ. உன்ன நம்பி நான் எதையும் விட்டுவைக்க மாட்டேன்."

நான் சூப்பைக் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரேலின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. அவர் மனதில் இருந்ததைப் பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். ஊர் சொன்னதுபோல் குடிதான் அந்தப் பதினோரு சுற்றுக்குக் காரணம் என்றால், குடியை விட்டாயிற்று, தீர்ந்தது. ஆனால் குடிக்காமலே அதைச் செய்துவிட்டால்? அப்போது காரணம் அவரேதான். அந்தப் பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அந்தச் சாவி கிடைத்தால் அது போய்விடும் என்று நம்பினார்.

4

ஆக, ஐந்து பேர் கிளம்பினார்கள். முன்னால் ஒரேல். அடுத்து சவ்வா சகோதரர்கள் மூவர். (மூவருக்கும் தனித்தனிக் குணம் எழுத எனக்குப் பொறுமையில்லை. ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பார், மூன்றாமவர் சிரிப்பார். அவ்வளவு போதும்.) கடைசியில் மச்சான் க்ளோவிஸ். அவர் எஞ்சின் சூட்டில் சாசேஜ் வேகவைப்பதற்கென்றே வண்டிக்குள் ஒரு தகரப்பெட்டி பொருத்தியிருக்கிறார்.

முதல் குடில். கதை எழுதுகிறவன் என்ற உரிமையில் நான் க்ளோவிஸின் கையில் புதினாச் சாராயம் கொடுத்தேன்.

"மாமா, குளிருக்கு. மருந்து மாதிரி."

"எனக்குக் குளிரல மச்சான்."

"மீசையில ஐஸ் தொங்குது."

"அது தொங்குனா தொங்கட்டும். நீ மூடி வை."

க்ளோவிஸ் மூடவில்லை. பேச்சு வாக்கில் கையை ஆட்டினார், பாதிக் குப்பி ஒரேலின் சட்டைக் கையில் கொட்டியது. (ஒப்புக்கொள்கிறேன், தட்டிவிட்டது நான்தான். குடிக்க மாட்டேன் என்றால் வாசனையாவது வரட்டும் என்று.)

இரண்டாவது குடிலில் அதைப் பார்த்துக்கொள்ளும் மதாம் பெல்ஃப்ளர் தன் கையால் செய்த பழக்கேக்கை நீட்டினார். அந்தக் கேக் மூன்று வாரம் ரம்மில் ஊறியது. பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினால் ஆபத்து.

"ஒரு வாய் சாப்பிடுப்பா. என் கேக்க வேண்டாம்னு சொன்ன ஆளு இந்தக் காட்டுலயே கெடையாது."

கேக் தின்றால் அது குடித்த கணக்கா? இங்கேதான் ஒரேலைச் சறுக்கவிடலாம் என்று எண்ணியிருந்தேன். ஒரு நல்ல பத்திகூட எழுதி வைத்திருந்தேன்: "ஒரு துண்டுதானே என்று வாயில் போட்ட ஒரேலின் கண்கள் மெல்ல

அந்தப் பத்தி அப்படியே நிற்கிறது. ஏனென்றால் ஒரேல் கேக்கை இரண்டு கையாலும் வாங்கி, "வீட்டுக்காரிக்கும் ஒரு வாய் குடுக்கணும்" என்று சொல்லிப் பைக்குள் வைத்துவிட்டார். மதாமுக்கும் மனம் குளிர்ந்தது. எனக்குத்தான் ஒரு பத்தி நஷ்டம். கேக் பைக்குள் இருந்தபடி தன் வேலையைத் தொடங்கியது.

5

பனிப்பாதையில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே ஒரு வரிசை வந்தால், முன்னால் போகிறவர் தன் பின்னால் எத்தனை வண்டி வருகிறதென்று விரலால் காட்டுவார். கடைசி ஆள் முஷ்டியை மடக்கிக் காட்டுவார். எனக்குப் பின்னால் யாருமில்லை, வரிசை முடிந்தது என்று அர்த்தம். எதிரே வருகிறவர் நிம்மதியாக வளைவில் திரும்பலாம்.

மூன்றாவது குடில் வாசலில், வழியில் எதிரே வந்த குழுவிலிருந்து கேட்பதற்கென்றே திரும்பி வந்த ஒரு பெண் ஒரேலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே கணக்கு இது? நாலுன்னு காட்டுனீங்க. அஞ்சு வந்துச்சு."

"நாலுதாம்மா."

"அஞ்சு. கடைசி ஆளு கையையே தூக்கல. இன்னும் யாரோ வர்றாங்கன்னு நாங்க ஓரமா நின்னுட்டே இருந்தோம்."

ஒரேல் திரும்பி எண்ணினார். சவ்வா, சவ்வா, சவ்வா, க்ளோவிஸ். நாலு.

"நான் கரெக்டா முஷ்டி காட்டுனேன் மாமா," என்றார் க்ளோவிஸ், வாயில் சாசேஜோடு.

"பின்னால யாரையாவது பாத்தியா?"

"நான் ஏன் பின்னால பாக்கப்போறேன்? எனக்குப் பின்னாலதான் யாருமே இல்லையே."

மறுபடி கிளம்பி, முதல் வளைவில் ஒரேல் தலையைத் திருப்பினார். முகப்பு விளக்குகள் ஐந்து. அவரோடு சேர்த்தால் வண்டி ஆறு.

(இங்கே நானும் திடுக்கிட்டேன். ஆறாவது ஆளை நான் எழுதவில்லை. பழைய தாள்களையெல்லாம் புரட்டிவிட்டேன். இல்லை.)

6

நான்காவது குடிலில் விஷயத்தைச் சொன்னார். சொன்னதும் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி, மல்லாந்து விழுந்தார்.

"மாமாவுக்கு ஒண்ணொண்ணும்..." என்றார் ஒரு சவ்வா.

"...ரெண்டா தெரியுது," என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சிரித்தார்.

"நான் குடிக்கலடா."

"சட்டைக் கைய மோந்து பாருங்க."

"அது இவன் கொட்டுனது."

"பையி?"

"அது கேக்கு."

"விழுந்தது?"

"அது ஐஸ்."

க்ளோவிஸ் அவர் தோளில் கைபோட்டார். "மாமா, இத்தனையும் குடிக்காமயே வருதுன்னா, நீங்க குடிச்சே தொலைக்கலாம். வம்பு மிச்சம்."

ஒரேல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். கவசத்தின் கண்ணாடிக்குள் அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்மீதே வெறுப்பு வந்தது. ஒரு மனிதர் பதினொரு மாதம் கட்டிக் காத்ததை, ஒரு சிரிப்புக்காக நான் பிய்த்துப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதனால் அவசரமாகச் சில முடிவுகளை யோசித்தேன். ஆறாவது ஆள் வேறு கிளப்பிலிருந்து வழி தவறி வந்தவர் என்று வைக்கலாம். ஆனால் அப்படியொருவர் மூன்று குடில் தாண்டியும் கழிப்பறைக்குக்கூட இறங்காமல் இருப்பாரா? பாதைக் காவலர் மாறுவேடத்தில் வருகிறார் என்று வைக்கலாம். இங்கே காவலர் ஒருவர்தான், அவர் என் சூப்புக்காக எங்கள் குடிலில் உட்கார்ந்திருக்கிறார். ஒரேல் உண்மையிலேயே குடித்திருந்தார் என்று

இல்லை. அதை மட்டும் எழுத மாட்டேன்.

7

ஏரி. மணி மூன்றரை. காற்று எழுந்துவிட்டது, பாதைக் குச்சிகள் மறைந்துவிட்டன. (இதை நான் செய்யவில்லை. பிப்ரவரி செய்கிறது.) எங்கள் குடிலில் நார்மாண்ட் ஜன்னலோரம் நிற்கிறார், சாவி கையில் இருக்கிறது. நான் சூப்பை இரண்டாம் முறை சூடாக்கிவிட்டேன்.

ஒரேலுக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு தெரிகிறது.

யாரோ வழி தெரிந்தவராக இருக்கலாம். பின்னாலேயே போனால் பத்து நிமிடத்தில் கரை. இல்லையென்றால் அது தன் வரிசையின் வாலாக இருக்கலாம். அப்படியானால் இடப்பக்கம் அந்தப் பைன் மரத் திட்டு இருக்கும், ஆனால் பனியில் அது தெரியவில்லை. குடிக்காமலே அதே ஏரி, அதே விளக்கு. அப்படியானால் காரணம் நான்தான் என்று நினைத்தார்.

பிறகு அவர் செய்த காரியம் எனக்குத் தோன்றவே இல்லை. போன வருடம் அவருக்கும் தோன்றவில்லை.

வண்டியை நிறுத்தினார்.

பின்னால் சவ்வாக்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். க்ளோவிஸ் நிறுத்தினார். ஒரேல் முன்னால் உள்ள விளக்கையே பார்த்தார். அது நிற்காமல் போனால் அது வேறு யாரோ, தைரியமாகப் பின்தொடரலாம். நின்றுவிட்டால் அது தன் வரிசையின் கடைசி ஆள். இப்படி நின்று பார்க்கத் தெரிந்த மனிதர் முட்டாள் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். யாராவது நார்மாண்டிடம் காட்டுங்கள்.

அந்த விளக்கு யாருடையது என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. முதல் குடிலிலிருந்து கூடவே வந்தவர். எந்தக் குடிலிலும் இறங்கவில்லை, சூப் கேட்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. வளைவுகளில் கை தூக்கத் தெரியவில்லை, ஏனென்றால் ஐந்தாம் பகுதி வரைக்கும் நான் அந்த வழக்கத்தைச் சொல்லவே இல்லை. கேக் விஷயத்தில் சிரித்தீர்கள் என்று சந்தேகம்.

இதைப் படிக்கிற நீங்கள்தான்.

8

மிச்சத்தை என்னால் எழுத முடியாது, வண்டி உங்கள் கையில்.

நீங்கள் நிறுத்தினால் இப்படி நடக்கும். ஒரேல் இறங்கி, பனியில் தடுமாறாமல் நடந்து உங்களிடம் வருவார். பைக்குள்ளிருந்து அந்தக் கேக்கை எடுத்து உங்கள் மடியில் வைப்பார். "சாப்பிடுங்க. வாசனை என்கிட்டருந்து போனாச் சரி," என்பார். பிறகு நாலு பேரோடு வலப்பக்கம் கரையைப் பார்த்துத் திரும்புவார். போனபோது ஐந்து, வந்தபோது ஐந்து. சட்டைக் கைக்கு க்ளோவிஸ் சாட்சி. நீங்கள் எங்கள் குடிலுக்கு வர முடியாது, அதற்கு மன்னியுங்கள், கணக்கு அப்படி. கேக் பெரியது.

நிறுத்தாமல் போனால், வேறு யாரோ என்று நம்பி அவர் உங்கள் பின்னாலேயே வருவார். திட்டைச் சுற்றி.

அதனால் இந்த வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு, முஷ்டியை மடக்கி மேலே தூக்குங்கள்.

நிறுத்துங்கள் என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், விளக்கு இன்னும் நகர்கிறது.