படத்து விளக்கும் வாசல் மணியும்

தன்யா லேசில் அசருகிற ஆளில்லை. பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் பன்னிரண்டு வருடமாக எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறாள். கரண்டில் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது, எங்கேயோ ஒரு கம்பி கழன்று கிடக்கும், அவ்வளவுதான் என்பது அவள் கட்சி. ஃபேன் தானாகச் சுற்றுகிறது, விளக்கு தானாக எரிகிறது என்று யாராவது முகம் வெளிறி வந்தால், "சுவிட்சை மாத்துங்க, வீட்டை மாத்தாண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்படிப்பட்டவள்தான் பொழியூரில் ஒரு வீட்டு முன்னறையில், ஸ்டூல் மேல் நின்றபடி, வாயடைத்துப் போனாள்.

விஷயம் ஒரு வாசல் மணி. கேமரா வைத்த மணி. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் ஆன், தன் அம்மா லூயிசாவுக்கு வாங்கி அனுப்பியது. வந்தவர் அழுத்தினால் வீட்டுக்குள் டிங் டாங் என்று அடிக்கும். அதே நேரம் ஆனின் போனிலும் அடிக்கும். அவள் அங்கிருந்தே முகம் பார்க்கலாம், பேசலாம். பகல் முழுக்க நல்ல பிள்ளை மாதிரி வேலை செய்யும். இருட்டத் தொடங்கினால் செத்துவிடும். பிறகு தானாக உயிர் வரும், மறுபடி சாகும். மூன்று வாரமாக இதே கூத்து.

மாட்டிக் கொடுத்தவன் ரதீஷ் என்ற பையன். மணியைக் கழற்றினான், மாட்டினான், கம்பி மாற்றினான். "லைன்ல வோல்டேஜ் கொறவாக்கும்" என்றான். கடைசியில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். அதன் பிறகுதான் ஆன் யாரிடமோ விசாரித்து தன்யாவைப் பிடித்தாள்.

தன்யா ஸ்கூட்டரை நிறுத்தும்போது மணி நாலு. வாசல் கதவின் இரண்டு பலகையும் மலர்ந்து கிடந்தன. இரண்டுக்கும் செங்கல் முட்டு. வீட்டுக்குள்ளிருந்து ஒரு ஆடு சாவகாசமாக வெளியே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனது. பின்னாலேயே லூயிசா வந்தாள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கை முழுக்க மீன் செதில்.

"சேச்சி, கதவு இப்படித் தொறந்து கெடக்கும்பம் மணி என்னத்துக்கு?" என்று தன்யா சிரித்தாள்.

"மணி சரியானா அடைப்பேன் மக்கா. சரியாகாத்தவரை அடைக்க மாட்டேன்."

"ஆரெங்கிலும் வந்தா கதவைத் தட்ட மாட்டினுமா?"

"தட்டினா கேக்காது. கடலுக்க இரைச்சலு. அண்ணைக்கும் கேக்கல்ல."

அன்றைக்கு என்றால் என்றைக்கு என்று அந்தக் கரையில் யாரும் கேட்க மாட்டார்கள். தன்யாவும் கேட்கவில்லை. லூயிசாவே சொன்னாள். எட்டு வருடத்துக்கு முன், ஓகிப் புயலுக்கு முந்தின சாயங்காலம், அவள் கணவர் ததேயூஸ் கடலுக்குப் போனார். ராத்திரி காற்று கதவைப் பிய்த்து எறியப் பார்த்தது. லூயிசா கதவை அடைத்து, குறுக்கே கட்டையும் போட்டாள். அப்போதிருந்த மணியின் பொத்தான் துருப்பிடித்துக் கிடந்தது. விடியற்காலையில் கரைக்காரர்கள் வந்து அடித்து அடித்துக் கூப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. சர்க்கார் கொடுத்த மரணச் சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது. லூயிசா அதை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கதவையும் அடைக்கவில்லை. மழையானாலும் சரி, ராத்திரியானாலும் சரி, கதவுக்கு நேராகப் பாயைப் போட்டுக்கொண்டு படுப்பாள்.

போன கோடையில் ஆன் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுக்குள் நடந்து போவதைப் பார்த்துவிட்டாள். அவன் பாவம், தண்ணீர் குடிக்க வந்தவன். குடித்துவிட்டுப் போயும் விட்டான். ஆனால் ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த பிள்ளைக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. அழுது, சண்டை போட்டு, கெஞ்சி, கடைசியில் இந்த மணிக்கு இருவரும் ஒப்புக்கொண்டார்கள். லூயிசா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரு தடவை கூடத் தவறப்பிடாது. அவரு வந்து அமத்தி, அது அடிக்காம இருந்துதெண்ணு வை. கதவும் அடைச்சுக் கெடக்கு. நம்மள வேண்டாம்ணு வச்சிட்டினும்ணு அவரு திரும்பிப் போயிடமாட்டாரா?"

 தன்யா பையைத் திறந்து மீட்டரை எடுத்தாள். இந்த மாதிரிப் பேச்சுக்கு அவளிடம் உள்ள ஒரே பதில் மீட்டர்தான்.

லைனில் இருநூற்று முப்பது. குறையே இல்லை. ரதீஷ் போட்ட முறுக்கு இணைப்பைப் பிரித்தாள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் செம்பு பச்சை பிடித்திருந்தது. உப்புக்காற்று அந்தக் கரையில் எதையும் விட்டுவைக்காது. அதைச் சுரண்டிச் சரியாக்கினாள். சுவிட்ச் போர்டைத் திறந்தாள். உள்ளே சோப்புப்பெட்டி அளவில் ஒரு பழைய டிரான்ஸ்பார்மர். இருநூற்று முப்பதைப் பன்னிரண்டாகக் குறைத்து மணிக்குக் கொடுப்பது. ததேயூஸ் பஹ்ரைனில் மீன்பிடிக்கப் போயிருந்த காலத்தில் ஒரு டிங் டாங் மணியோடு சேர்த்து வாங்கி வந்ததாம். வீட்டுக்குள் அடிப்பது இப்போதும் அந்த மணிதான். அந்தச் சாதாரண மணிக்கு அது தாராளம். கேமரா மணிக்குப் பதினாறு வோல்ட்டாவது வேண்டும். இதுதான் கோளாறு, அரை மணி நேர வேலை என்று தன்யா மனதுக்குள் முடித்துவிட்டாள்.

ஆனால் மணியை முழுக்கக் கழற்றிவைத்த பிறகும் டிரான்ஸ்பார்மர் சூடாகவே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி கொதித்தது. மணி இல்லை, ஆனால் யாரோ கரண்ட் குடிக்கிறார்கள்! உற்றுப் பார்த்தபோதுதான் இன்னொரு ஜோடி மெல்லிய கம்பி அதிலிருந்து கிளம்பிச் சுவருக்குள் ஏறுவது தெரிந்தது.

"சேச்சி, இது எங்க போகுது?"

"எனக்கறியாது மக்கா. ஆனுக்க அப்பன் வச்சதாக்கும்."

போனில் ஆனுக்கும் தெரியவில்லை. சரி, திருடன் இருட்டில்தானே வருகிறான், இருட்டும்வரை இருந்து பார்ப்போம் என்று தன்யா மணியைத் திரும்ப மாட்டிவிட்டு, பால் விடாத கட்டங்காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அயர்லாந்தில் அப்போது மத்தியானம். டூட்டி இடைவேளையில் இருந்த ஆன், மணிக்கு எவ்வளவு வோல்ட் வருகிறது என்று போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். லூயிசா கை கால் கழுவி, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன் முழங்கால் போட்டாள். படத்தின் கீழே எல்லாக் கத்தோலிக்க வீட்டிலும் இருப்பதுபோல ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. ராப்பகலாக எரிவது.

வெளியே வெளிச்சம் மங்கியது. இருட்டில் பார்ப்பதற்காகக் கேமரா தன் விளக்கைப் போட்டுக்கொள்ளும் நேரம்.

"போச்சு அக்கா, ஆஃப் ஆயிட்டு" என்றாள் ஆன்.

அந்தக் கணத்தில் தன்யா பார்த்தாள். படத்துக்குக் கீழே இருந்த சிவப்பு விளக்கு ஒரு தடவை சுருங்கி, மறுபடி விரிந்தது.

"வந்துட்டு... திரும்பப் போச்சு."

விளக்கு மறுபடி சுருங்கியது. விரிந்தது. அயர்லாந்தில் இருக்கும் பெண் போச்சு என்று சொல்லும்போதெல்லாம் பொழியூரில் விளக்கு துடித்தது. தன்யாவுக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. காரணம் என்ன என்று மண்டைக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அப்படியும் கூச்செறிந்தது.

லூயிசா ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"நீயும் கண்டியா மக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். "மூணு வாரமாட்டு உண்டு. தினமும் இந்த நேரம்தான். அவரு கடலுக்கு எறங்கிப் போனதும் இதே நேரமாக்கும். நான் ஆருட்டயும் சொல்லல்ல, பைத்தியம்ணு சொல்லுவினும். அவரு வாறாரு. அதாக்கும் விளக்கு துடிக்குது."

 தன்யா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஏதாவது செய்தாக வேண்டும், கீழே நின்று அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

படத்தைப் பக்குவமாகத் தூக்கினாள். சுவருக்குள் போன அந்த ஜோடிக் கம்பி அங்கேதான் வெளியே வந்தது. விளக்கு, கடையில் விற்கும் விளக்கே அல்ல. வள்ளத்தில் பேட்டரிக்கு மாட்டுகிற பன்னிரண்டு வோல்ட் பல்பு. சாதாரண பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆகிறதென்று, தனக்குத் தெரிந்த வள்ளத்து பல்பைக் கொண்டுவந்து, தோதான கரண்ட் எங்கே கிடைக்கும் என்று தேடி, மணியின் டிரான்ஸ்பார்மரிலிருந்து இழுத்திருக்கிறார் மனுஷன். ஒரு எலக்ட்ரீஷியன் செத்தாலும் செய்ய மாட்டான். சிவப்புக்கு என்ன பூசியிருக்கிறார் என்று தன்யா நகத்தால் தொட்டுப் பார்த்தாள். நெயில் பாலிஷ்.

சொன்னதும் போனில் ஆன் சிரிக்கத் தொடங்கி அழுதாள். "எனக்க பாட்டிலாக்கும் அது. எட்டாம் கிளாஸ்ல, காணல்லண்ணு வீட்டையே ரெண்டாக்கினேன். அப்பாவும் எனக்ககூட நிண்ணு தேடிச்சினும்!"

தன்யா இணைப்பைத் தேடினாள். பதினாறு பதினேழு வருடம் பழைய இணைப்பு, உப்புக்காற்றில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துத்தான் டார்ச் அடித்தாள். டேப் இல்லை. கம்பியைக் கம்பியோடு சேர்த்து, வலை நூலால் நெருக்க நெருக்கச் சுற்றி முடிச்சிட்டு, மேலே வள்ளத்தின் ஓட்டை அடைக்கிற ரெசினைப் பூசியிருந்தது. தேன் நிறத்தில் இறுகிப்போன அதற்குள், செம்பு நேற்று வெட்டினதுபோல மின்னியது. ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அந்தக் கரையில் எத்தனை வீடு, எத்தனை போர்டு திறந்திருக்கிறாள்! இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. முடிச்சின் இருபுறமும் மீட்டரை வைத்தாள். நஷ்டம் பூஜ்யம். படித்து, லைசென்ஸ் வாங்கி, பன்னிரண்டு வருடம் தொழில் பார்த்த தன் கையால் இப்படி ஒரு முடிச்சுப் போட வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கும்பிடத் தோன்றியது. படத்தையா, முடிச்சையா என்று அவளுக்கே தெரியவில்லை.

இறங்கி லூயிசாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சும்மா டிரான்ஸ்பார்மரை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். நாளையிலிருந்து விளக்கு துடிக்காது, லூயிசா தனியாக உட்கார்ந்து அது துடிக்கக் காத்திருப்பாள். அதை நினைத்தபோது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சேச்சி, நான் ஒண்ணு சொன்னா வெசனப்படப்பிடாது. மணியும் இந்த விளக்கும் ஒரே எடத்துல இருந்து கரண்ட் எடுக்குது. இருட்டினா மணிக்குக் கூடுதல் வேணும். அது இழுக்கும்பம் விளக்குக்குக் கொறையும். அதாக்கும் துடிப்பு. வேற ஒண்ணுமில்ல."

 லூயிசாவின் விரல் ஜெபமாலை மணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அந்தப் பையன் இத்தற தடவை வந்து பாத்தானே, அவனுக்குக் கண்டுபிடிக்கப் பற்றிச்சா?"

"இல்ல."

"நீ மீட்டர் வச்சுப் பாத்தியே, உனக்குப் பற்றிச்சா?"

"இல்ல சேச்சி. விளக்கு துடிச்சதக் கண்டுதான்..." என்று தொடங்கிய தன்யா நிறுத்திக்கொண்டாள்.

"அப்பம் அவரு கெட்டின விளக்குதானே காட்டித் தந்துது?" என்றாள் லூயிசா.

 யோசித்துப் பார்த்தால், தன்யாவுக்கு இல்லை என்று சொல்ல இடமில்லை.

பையில் பதினெட்டு வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்று வைத்திருந்தாள். மெயினை அணைப்பதற்கு முன் லூயிசா ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிப் படத்துக்கு முன் வைத்தாள். கரண்ட் போகும்போதெல்லாம் அப்படித்தானாம். அந்த வெளிச்சத்தில் தன்யா மணிக்குப் புதியதைக் கொடுத்தாள். பழையதை விளக்குக்கே விட்டாள். முடிச்சைத் தொடவில்லை. மெயினைப் போட்டதும் சிவப்பு விளக்கு முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தது. ஆன் போனில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணி நேரம். மணி சாகவில்லை.

லூயிசா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி துடிக்காது, இல்லியா?"

"துடிக்காது சேச்சி."

அவள் தலையாட்டினாள். எழுந்து போய், குனிந்து, செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். "நான் வெளிய நிக்கேன். நீ உள்ள நிண்ணு கதவை அடை" என்றாள்.

எட்டு வருடம் அசையாத கதவு. கீல் துருவேறி, அடியில் மணல் இறுகி, தன்யா தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. கதவு கிரீச்சிட்டுக்கொண்டே வந்து பொருந்தியது. தாழ்ப்பாளைப் போட்டாள். கடல் இரைச்சல் சட்டென்று தூரப் போனது. இந்த வீட்டுக்குள் இவ்வளவு அமைதி உண்டா என்று தன்யா திகைத்து நின்றாள்.

டிங் டாங்!

பதினெட்டு வோல்ட்டில் அந்தப் பழைய பஹ்ரைன் மணி அலறியது. தன்யாவின் போனில் கேட்டுக்கொண்டிருந்த ஆனின் குரல், இப்போது வாசலில் மணிக்குள்ளிருந்தும் கேட்டது.

"அம்மா, உன்ன காணுகு."

"கேட்டுதா?" என்று வெளியிலிருந்து லூயிசா கேட்டாள்.

"நல்லா கேட்டுது."

"இருட்டுலயும் மொகம் தெரியுமா? தாடி வளந்திருந்தாலும்?"

"தெரியும் அம்மா. எனக்குத் தெரியும்."

தன்யா தாழ்ப்பாளில் கை வைத்தாள். அந்தச் சத்தம் கேட்டு லூயிசா வெளியிலிருந்து சொன்னாள்.

"திறக்காதே மக்கா. கொஞ்சம் கழியட்டு. அவரு வந்து நிக்கும்பம் எப்படி இருக்கும்ணு நான் பாத்துக்கிடட்டு."

தன்யா அப்படியே நின்றாள். படத்துக்குக் கீழே விளக்கு அசையாமல் எரிந்தது. கதவுக்கு அந்தப்புறம் லூயிசா நிற்கிறாள், அடைத்த கதவுக்கு முன்னால் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் நம்பிக்கையோடு நிற்பான் என்று நின்று பார்க்கிறாள்.  ரொம்ப நேரம் கழித்து மணி இன்னொரு தடவை அடித்தது.

"இதா வாறேன்" என்று அயர்லாந்திலிருந்து ஆன் சொன்னாள். "போயிராதீங்க. இதா கதவு திறக்கேன்."

தன்யா தாழ்ப்பாளை எடுத்தாள்.