முக்கால் விலைத் தள்ளுபடியில் ஒரு மரம்

அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் நஞ்சுண்டனைப் போல சாமர்த்தியமாகச் சாமான் வாங்குகிறவன் யாரும் கிடையாது. இதை அவனே சொல்லியிருக்கிறான், பலமுறை. கேட்க ஆள் கிடைத்தால் இன்றைக்கும் சொல்லுவான்.

2007 டிசம்பரில் அவன் மகள் வெண்பா கிறிஸ்துமஸ் மரம் வேண்டுமென்று கேட்டாள். ஏழு வயது. வகுப்பில் எல்லார் வீட்டிலும் மரம் இருக்கிறதாம். நஞ்சுண்டன் முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்பது கஞ்சன் சொல்லும் வார்த்தை. அவன் சிக்கனக்காரன்.

"அம்மிணி, கிறிஸ்துமஸுக்கு முன்னாடி மரம் வாங்கறவன் ஏமாளி. மறுநாள் போனா எழுபத்தஞ்சு பர்சன்ட் ஆஃப். அப்ப வாங்கி வெச்சுட்டா, அடுத்த வருஷம் நம்மூட்டுல ஏழடி மரம் நிக்கும். ப்ராமிஸ்."

"தட்ஸ் ஒன் இயர், அப்பா."

"ஒரு வருஷம் பறந்து போயிரும் கண்ணு."

அவனுக்குப் பறந்தது. அந்த டிசம்பர் இருபத்தாறாம் தேதி காலை ஏழு மணிக்குக் கடை வாசலில் நின்று, கடைசியாகக் கிடந்த ஒற்றைப் பிளாஸ்டிக் மரப் பெட்டியைச் சண்டை போடாத குறையாக வாங்கிவந்தான். பெட்டி மேல் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர், எழுபத்தைந்து சதவீதம் தள்ளுபடி என்று. அதைக் கிழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. பெட்டியையும் பிரிக்கவில்லை, புதுக்கருக்குப் போய்விடும் என்று பால்கனி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினான். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பஜ்ஜி கொடுத்த கையோடு ஸ்டோர் ரூமைத் திறந்து அந்த ஸ்டிக்கரைக் காட்டுவான். அவன் மனைவி தாமரைச்செல்வி அந்த நேரத்தில் சமையலறைக்குள் போய்விடுவாள்.

குளிர்காலத்துக்கென்று அந்த வீட்டில் சில வழக்கங்கள் உண்டு. ஹீட்டர் அறுபத்தாறு ஃபாரன்ஹீட்டைத் தாண்டாது. ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர். சாயங்காலம் சுக்குக் காபி. சனிக்கிழமை வந்தால் காரில் ஏறி, பெரிய வீடுகள் இருக்கும் தெருக்களில் மெதுவாகப் போய், மற்றவர்கள் கரண்ட் பில் கட்டி ஏற்றிவைத்த விளக்குகளை ஓசியில் பார்த்துவருவது. வெண்பா பின்சீட்டில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் அந்த ஒரு வருஷமும் அவள் அது வேண்டும் இது வேண்டும் என்று ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை பொறுப்பாக வளர்கிறது என்று நஞ்சுண்டன் பெருமைப்பட்டான்.

2008 டிசம்பர் முதல் சனிக்கிழமை. கம்பெனியில் யார் தலை எப்போது உருளும் என்று தெரியாத நேரம் அது. இருந்தாலும் பெட்டி வாங்கியாயிற்று, செலவு கிடையாது. நடு ஹாலில் வைத்து நஞ்சுண்டன் விழா மாதிரி பெட்டியைத் திறந்தான். தாமரைச்செல்வி சுக்குக் காபியோடு சோபாவில் உட்கார்ந்தாள். எந்த அடுக்கு என்று தெரிய, கிளைகளில் ஆங்கில எழுத்து அட்டை கட்டியிருந்தது, ஏ உச்சிக்கு, ஹெச் அடிக்கு. வெண்பா தரையில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து அடுக்கினாள்.

"ஹெச் இருக்கு. ஜி இருக்கு. எஃப், ஈ... அப்பா, டி எங்க?"

"அடியில கிடக்கும், பாரு."

அடியில் ஒன்றும் கிடக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியதில் கொஞ்சம் பிளாஸ்டிக் ஊசிகள் கொட்டின, அவ்வளவுதான். கிடைத்ததை மாட்டிப் பார்த்தார்கள். இடுப்புயரத்துக்கு, நல்ல அகலமாக, பசேலென்று நின்றது. அதற்கு மேலே வெறும் இரும்புக் குழாய்.

தாமரைச்செல்வி காபியைக் கீழே வைத்தாள். பெட்டியைத் திருப்பி, மஞ்சள் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி, சர்ரென்று உரித்தாள். 'இரண்டு பெட்டிகளில் இரண்டாவது' என்று அடியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"ஏனுங்க, ஒரு வருஷமா ஊருக்கெல்லாம் இதைத்தானுங்களா காட்டிட்டு இருந்தீங்க?" என்றாள்.

ஊரே மெச்சிய சாமர்த்தியசாலி அரை மரத்தை வாங்கி, ஒரு வருஷம் பூட்டிவைத்துக் காவல் காத்திருக்கிறான். மகள் அழப்போகிறாள் என்று நஞ்சுண்டன் பயந்தான். அழுதிருந்தால் தேவலை.

வெண்பா அவன் ஸ்வெட்டர் கையைப் பிடித்தாள். "இட்ஸ் ஓகே, அப்பா. வெயிட் பண்ணலாம். கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் அந்த ஹாஃப் ஆன் சேல் வரும். ஐ கேன் வெயிட்."

எட்டு வயசுப் பிள்ளை சொல்லுகிற பேச்சா இது? பொறுப்பு என்று அவன் பெருமைப்பட்டதெல்லாம் இதுதானா? கேட்டால் கிடைக்காது என்று பிள்ளை கேட்பதையே விட்டிருக்கிறது, அதைக் கற்றுக்கொடுத்தவன் தான்தான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

தீயணைப்பு நிலையத்துக்கு எதிர் மைதானத்தில் நிஜ மரங்களை நிறுத்திவைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நஞ்சுண்டன் ஓர் ஏழடி மரத்தின் விலைச் சீட்டைப் பார்த்தான். சீட்டைத் திருப்பி, பின்பக்கம் வேறு விலை இருக்கிறதா என்று தேடினான். விற்கிற பெரியவர் நல்ல மனுஷன். அவன் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இருபதாம் தேதிக்கு மேல் வந்தால் பாதி விலைக்குத் தருகிறேன் என்றார்.

பாதி விலை! நஞ்சுண்டனுக்குச் சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, "இன்றைக்கே வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி முழு விலையையும் கொடுத்தான். அமெரிக்கா வந்த ஒன்பது வருஷத்தில் அவன் செய்த முதல் ஊதாரித்தனம் அது.

மரத்தைக் கார்க்கூரையில் கட்டி வந்து, இழுத்து, மூச்சு வாங்க ஹாலில் நிறுத்தினான். கார்ப்பெட் முழுக்கப் பச்சை ஊசி. வீடெல்லாம் மர வாசனை. வெண்பா வாயைப் பிளந்தாள். கிட்டே வந்தவள், கையை நீட்டியும் தொடவில்லை.

"ஹவ் மச், அப்பா?"

முதல் கேள்வியே அதுதான். நஞ்சுண்டன் தன் வாழ்நாளில் அதுவரை தள்ளுபடி விஷயத்தில் மட்டும் பொய் சொன்னதில்லை.

"எழுபத்தஞ்சு பர்சன்ட் ஆஃப்," என்றான்.

"நோ வே! கிறிஸ்துமஸுக்கு முன்னாடியேவா?"

"உங்கப்பன் யாருன்னு நெனச்சே?"

வெண்பா மரத்தைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் ஊசி குத்தியும் சிரித்தாள். அவன் பாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருந்த ரசீதைத் தாமரைச்செல்வி உருவிப் பார்த்தாள். அவன் முகத்தையும் ஒரு தரம் பார்த்தாள். ரசீதை நாலாக மடித்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு, ஹீட்டரை எழுபதுக்கு ஏற்றினாள். நஞ்சுண்டன் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றான்.

மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்திருந்த வெண்பா திரும்பினாள்.

"அப்பா, அப்ப மிச்சம் புடிச்ச காசுல ஒரு ஸ்டார் வாங்கித் தர்றியா? பெருசா, லைட் போட்டது?"

ஒரு வருஷம் கழித்துப் பிள்ளை வாய்திறந்து கேட்கிறது. மிச்சம் பிடித்த காசு என்று ஒரு நயாபைசா இல்லை.

"வாங்கிட்டாப் போச்சு, வா அம்மிணி," என்றான் நஞ்சுண்டன். நல்லவேளை, ஷூவை இன்னும் கழற்றியிருக்கவில்லை.