அளவுக்கு வைத்த கை

டோர்செட் பார்க்கில் எங்கள் பதினோராம் மாடி வீட்டு ரீவியில் நெவாடா மலைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். பார்க்க வந்தவர் என்னோடு முன்பு வேலை செய்த சிவபாதம். சிவப்புப் பாறைச் சுவர், பள்ளத்தாக்கு, கள்ளிச்செடி, எல்லாவற்றுக்கும் தலையாட்டியபடி ரோல்ஸைக் கடித்தார். பிறகு அந்தப் படம் வந்தது. பாறையில் ஒரு கை. படங்களை அனுப்பிய என் மகள் அதையும் சேர்த்தே அனுப்பியிருந்தாள்.

“உது ஆற்றை கை?” என்றார் சிவபாதம்.

மகள் நிரூபா பாறைகளைப் பற்றிப் படிக்கிறாள். அந்த மலையில்தான் அவளுடைய ஆராய்ச்சி. அனுமதியும் அவள் பெயரில்தான். என்னையும் மனைவியையும் அங்கே கூட்டிப்போன அன்றே சொன்னாள், “அப்பா, ஒண்டையும் தொடாதேங்கோ. பாக்கிறது மட்டும்தான்.” நான் என்ன குழந்தையா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டேன்.

ஏறும் வழியெல்லாம் விளக்கினாள். மேலே நிற்கும் சாம்பல் பாறை கிழடு, கீழே கிடக்கும் சிவப்புப் பாறை இளசு. பூமி நெருக்கியதில் கிழடு இளசின் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டதாம். பாறைமேல் மினுங்கும் கறுப்பு, தாள் தடிப்புக்கூட இல்லாதது, படிய ஆயிரக்கணக்கான வருடங்கள் எடுக்குமாம். நான் “ஓம், ஓம்” என்று மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன்.

உச்சிக்குக் கிட்ட, அவளும் தாயும் முன்னே போய்விட்ட நேரம், துதிக்கையோடு ஒரு கறுப்புப் பாறையைக் கண்டேன். சத்தியமாகப் பிள்ளையார். கண்டும் காணாமல் போக எனக்கு வராது. புதுக் காரின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்காமல் ஓட்டாத ஆள் நான். கோயிலில் மடித்துத் தந்த குங்குமம் எப்போதும் பேர்ஸில் இருக்கும். தண்ணீரில் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்தேன். கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. துடைத்தேன், சிவப்பு பரவியது. பதறிப்போய் ஒரு கல்லால் தேய்த்தேன். கறுப்பும் சேர்ந்து உரிந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய காயம் தெரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். எனக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை.

தேடிக்கொண்டு திரும்பி வந்தவள் பார்த்தாள்.

“ஆர் இப்பிடிச் செய்தது?”

“ஆரோ முதல் வந்தவை போலை கிடக்கு,” என்றேன். அறுபத்துமூன்று வயதில், பெற்ற பிள்ளையிடம்.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். போனை எடுத்தாள்.

“அனுமதி தந்தவைக்கு அறிவிக்கோணும். படத்திலை அளவு தெரியிறதுக்கு ஏதும் பக்கத்திலை இருக்க வேணும். உங்கடை கையை வையுங்கோ அப்பா.”

வைத்தேன். பாறை வெயிலில் சுட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

அன்றே அறிக்கை எழுதிவிட்டாள். யார் செய்தது என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். விசாரணை முடியும்வரை மலைக்குப் போகக் கூடாது என்று பதில் வந்துவிட்டது. எங்களோடு அவளும் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். சாப்பிட வருகிறாள், “ஓம்”, “வேண்டாம்” என்கிறாள். பேசியிருந்தால், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த மௌனத்துக்கு முன்னால் வெட்கத்தில் கூனிப்போகிறேன்.

“என்ன தில்லையம்பலம், கேக்கிறன். ஆற்றை கை? விரலிலை என்ன சிவப்பு?” சிவபாதம் விடவில்லை.

குசினிக்குள் நிரூபா கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. அவள்தான் அவரைக் கண்டதும் பிளேன்ரீ போட்டுத் தந்தவள்.

“என்ரை கை,” என்றேன். பிறகு குசினிக்கும் கேட்க உரக்கச் சொன்னேன். “அந்தப் பாறையைப் பழுதாக்கினது நான்தான். பிள்ளை தன்ரை பேரைப் போட்டிட்டாள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

சிவபாதம் ரோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தார். குசினியில் குழாய்ச் சத்தம் நின்றது. காலடி கேட்கவில்லை. சுவர் அகல ரீவியில், வெளிறிய காயத்தின் பக்கத்தில், என் கை சிவந்த விரல்களோடு விரிந்தபடி கிடந்தது.