ஆளில்லாத மேசை

காலை பதினொன்றுக்கெல்லாம் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் திருடன் புகுந்துவிட்டான். எங்கே உட்கார்ந்திருந்தானோ, படுபாவி, பதிவு அறையிலிருந்த நாலு கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு மிரட்டல் கடிதமும் போட்டிருந்தான்.

நெட்வொர்க் பாதுகாப்புக்குப் பொறுப்பு அவள்தான். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொள்ளும் விதியும் அவள் போட்டதே. அதனால் நர்சுகள் வாயில் அவள் பூட்டுக்காரி. காதில் விழுந்தும் விழாத மாதிரி நடந்துபோவாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆபத்து என்றால் ஆளில்லாத கம்ப்யூட்டர்களைத் தானாகவே துண்டித்துவிடும் ஏற்பாடும் அவளுடையது. யாராவது வேலையாக இருந்தால் மட்டும் விட்டுவைக்கும். நோயாளி நடுவில் தவிக்கக் கூடாது அல்லவா? ஏற்பாடு சொன்னபடி நடந்தது. நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்கள் மளமளவென்று விலகின. மூன்றாம் மாடியில், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்று மட்டும் விலகவில்லை. அதன் மவுஸ் அசைந்துகொண்டே இருந்தது. திருடனும் அதற்குள்தான் இருந்தான். அங்கிருந்தபடி, எல்லா நோயாளிகளின் விவரமும் இருக்கும் பெரிய சர்வரைக் குடைந்துகொண்டிருந்தான்.

இருந்த இடத்திலிருந்தே அவள் அதைத் துண்டித்திருப்பாள். ஆனால் எட்டுக் குழந்தைகளுக்கு எந்த மருந்து எவ்வளவு என்பது அந்தத் திரையில்தான் இருந்தது. போன் போட்டால் எடுப்பார் இல்லை. லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விழுந்தடித்து மாடிப்படி ஏறினாள்.

மேசையில் ஆளே இல்லை. மவுஸைத் தூக்கினால் அடியில் ஒரு கைக்கடிகாரம். நொடி முள் நகர நகர, தானே நகர்வதாக மவுஸ் நினைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிகாரம் யாருடையது என்று கேட்கவே வேண்டாம். அண்ணன் கல்யாணத்துக்கு அவளே வாங்கிக் கொடுத்தது. அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ் அவள் அண்ணி.

சண்டைக்கு நேரமில்லை. ஓடிவந்த அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லி, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கப்போகிறேன் என்றாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டுப் பேரோடதையும் எழுதிக்கிறேன். அதுவரைக்கும் தொடாதே."

அண்ணி எழுத, இவள் ஒரு கையில் கேபிளைப் பிடித்தபடி, மறு கையால் லேப்டாப்பைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சர்வரை எட்டத் திருடன் தாண்ட வேண்டிய தடைகள் மூன்று. ஒன்று விழுந்தது. அண்ணி ஐந்தாவது குழந்தைக்கு வந்தபோது இரண்டாவதும் போனது. ஏழாவதை எழுதி முடிக்கையில் மூன்றாவது ஆட்டம் கண்டது. பிடுங்கிவிட்டாள்.

திருடன் வெளியே போனான். திரையும் வெறுமையானது. அதற்கென்றே காத்திருந்த மாதிரி, எட்டாவது குழந்தைக்கு மருந்து ஏற்றும் பம்ப், மருந்து தீர்ந்து கத்தியது. புது மருந்து வைத்தால் அளவையும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

"பாயிண்ட் மூணா, பாயிண்ட் ஜீரோ மூணா..." அண்ணிக்குச் சரியாக நினைவு வரவில்லை. ஒன்று மருந்து, மற்றது விஷம்.

டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். இவள் அங்கே போன் போட்டு, யாரோ ரிசீவரை அவர் காதருகே பிடிக்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பாயிண்ட் ஜீரோ மூன்று. அண்ணி இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு பம்பில் அழுத்தினாள். கத்தல் நின்றது.

குழந்தையின் நெஞ்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் இவளுக்குக் கோபம் திரும்பி வந்தது. பொறுப்பான ஆள் செய்கிற காரியமா இது என்று ஆரம்பித்துக் கொட்டித் தீர்த்தாள். அண்ணி முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டினாள்.

"மாட்டிக்கோ. உன் லேப்டாப்புல உன் பாஸ்வேர்டை அடி."

லேப்டாப் விதிப்படி எப்போதோ பூட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டு எழுத்து, நடுவில் இரண்டு குறி, ஓர் எண். அதுவும் இவள் வைத்த சட்டம்தான். ரப்பர் விரல் ஒரே அமுக்கில் இரண்டு எழுத்தை அடித்தது. மறுபடி அடித்தாள், மறுபடியும் தப்பு. மூன்றாவது தப்போடு, பதினைந்து நிமிடம் கழித்து முயலவும் என்று வந்து நின்றது.

"போன மாசம் இங்க ஒரு குழந்தை நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு," என்றாள் அண்ணி. "அன்னைக்கும் இதேதான் வந்துச்சு. எப்படியோ காப்பாத்திட்டோம். அன்னைக்கே உனக்கு எழுதினேன். விதிப்படி நடக்கவும்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினே. நான் எழுதினதைப் படிச்சியா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"படிக்கல அண்ணி."