காலடி மண்

குழந்தைகளின் மனம் எப்படி வளர்கிறது என்று ஆராய அந்தப் பக்கத்தில் முதலில் கிளம்பியவள் ராஜம்மாள்தான். மேட்டூர் அணை கட்டி முடிந்த மறு வருஷம் அது. பிள்ளை பெறாதவளுக்குப் பிள்ளை மனசு எப்படித் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நாக்கூசாமல் கேட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எடப்பாடி நெசவாளிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பள்ளி வாங்கிவிட வேண்டும், அவளுக்கு அது போதும். சோதித்து அறிக்கை கொடுத்தால் பள்ளி தருவதாக மேலதிகாரிகள் சொல்லியிருந்தார்கள்.

வீடு வீடாகப் போனாள். தறிக்காரன் பெண்டாட்டி குஞ்சம்மாள், தன் நான்கு வயது மகள் அத்தாயியை முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“பாப்பா நல்லாப் பேசுவாளா?”

“எங்கீங்க அம்மிணி, வாயே தொறக்கறதில்லீங்க. மந்தமுங்க.”

ராஜம்மாள் மரக்கட்டைகளை முன்னால் வைத்தாள். அத்தாயி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதை. புது முகம் கண்டால் பிள்ளை கூசும் என்று ராஜம்மாள் படித்திருந்தாள். பெற்றவளே பிள்ளையைக் குறைத்துச் சொல்வாள் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. இவர்களுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை, பள்ளி அவசியம் என்று எழுதிக் கொடுத்தாள்.

அதிகாரிகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மந்தப் பிள்ளைகளுக்குத் தறி போதாதா என்று பள்ளியைச் சேலம் டவுனுக்குத் தள்ளிவிட்டார்கள். அறிக்கையை எல்லோரும் மெச்சி, ராஜம்மாளுக்குச் சென்னையில் பெரிய உத்தியோகம் கொடுத்தார்கள்.

விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போக வந்தவள் குஞ்சம்மாள் வீட்டு வேலியோரம் நின்றுவிட்டாள். உள்ளே அத்தாயி ஆட்டுக்குட்டியின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நேத்து எங்கப்பன் நூலக் கடிச்சயில்ல? இன்னிக்கு உனக்குத் தழை கெடையாது. நாளைக்கு ஒழுங்கா இருந்தாப் பாக்கலாம்.”

ராஜம்மாள் உள்ளே போய்க் குஞ்சம்மாளைக் கேட்டாள்.

“இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையை ஏம்மா மந்தம்னு சொன்னே?”

“பொறவென்னங்க பண்றது? அசலார்கிட்டக் கெட்டின்னு சொன்னாக் கண்ணு பட்டுருமுங்களே. இவளுக்கு மூத்தது நல்லாப் பேசுச்சுங்க. ஊரே மெச்சுச்சு. தங்கலீங்க.” குஞ்சம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “பள்ளிக்கூடம் எப்பங்க வருது?”

வராது என்று ராஜம்மாள் சொன்னாள். திருத்தி எழுதலாம்தான். எழுதினால் உத்தியோகம் நிற்காது. எழுதப்போவதில்லை என்பது அவளுக்கே தெரிந்துபோயிற்று. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். குஞ்சம்மாள் குனிந்து, ராஜம்மாள் மிதித்த இடத்து மண்ணைக் கிள்ளி எடுத்து, உப்பு மிளகாயோடு மகளின் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ராஜம்மாளுக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைமேல் கண் பட்டது என்னவோ உண்மை, ஆள் யாரென்றும் குஞ்சம்மாள் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.