மினுக்கக் கூடாத வெண்கலம்

அந்த வீட்டில் அருள்நாயகிக்குப் பெயர் மிசிஸ் பெனடிக்ற். வீட்டுப் பொறுப்பைப் பார்க்க வருகிற பெண்ணை, அவளுக்குக் கணவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மிசிஸ் போட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்பது வெதர்கோம் குடும்பத்தின் நூறு வருடச் சட்டம். அருள்நாயகிக்குக் கணவன் இருந்தான். என்ன, அவன் மன்னாரில் இருந்தான். பேசாலைக் கோயிலில் மோதிரம் மாற்றி ஆறு வருடம் ஆகியும், லீவு எடுத்துப் போன நாட்களையெல்லாம் சேர்த்தால் மூன்று மாதம்கூட ஒன்றாக வாழ்ந்திருக்கவில்லை.

வெதர்கோம் மாளிகை ஒரு காலத்தில் நாட்டுப்புறத்து மாளிகை. பிறகு லண்டன் வளர்ந்து வந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. அருள்நாயகி கிழக்கு லண்டனில், தான் இருக்கும் பார்க்கிங்கில் விடிய முதல் ரெயின் ஏறி, ரிச்மண்டில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போவாள். முப்பத்தெட்டு வேலைக்காரர் இருந்த வீட்டில் இப்போது அவளும், கிழமைக்கு மூன்று நாள் வருகிற தோட்டக்காரரும்தான். ஆட்கள் குறைந்தார்களே தவிர சட்டங்கள் ஒன்றும் குறையவில்லை. வேலைக்காரர் முன்படியில் ஏறக் கூடாது. மணி அடித்தால் பின்படியால் வர வேண்டும். வியாழன் தோறும் வெள்ளி, பித்தளைச் சாமான் எல்லாம் மினுக்க வேண்டும். எண்பத்து நாலு வயதான லேடி வெதர்கோம் குரலை உயர்த்தாமலே இவ்வளவையும் கட்டிக் காத்தார். கத்துகிற முதலாளியைச் சமாளித்துவிடலாம். கத்தாதவரிடம்தான் அருள்நாயகிக்கு நடுக்கம்.

மினுக்கக் கூடாத பொருளும் ஒன்று இருந்தது. நூலக அறையில், கணப்படுப்புக்கு மேலே, கோப்பைச் சோசரைவிடக் கொஞ்சம் சிறிய வட்டமான வெண்கலத் தகடு. முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்தது. இறந்தவரின் பெயர் மட்டும் அதில் புடைப்பாக இருக்குமாம், பட்டம் பதவி ஒன்றும் இருக்காதாம். லேடியின் கணவருக்குப் பெரியப்பா முறையான எட்வின் இருபத்தொரு வயதில் பிரான்சில் செத்துப்போனார். தகடு அடுப்புக்கரி போலக் கறுத்துக் கிடந்தது. பெயர் இருக்கும் இடத்தில்தான் கறுப்பு இன்னும் தடிப்பு. அது துக்கத்தின் கறுப்பு, அதைத் தொட வேண்டாம் என்று லேடி முதல் நாளே சொல்லியிருந்தார். நாலு வருடமாக அவள் தொடவில்லை.

இப்போது கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன் பெனடிக்றை இங்கே கூப்பிடுவதென்றால் அருள்நாயகி நிரந்தர வேலையில் இருக்கிறாள் என்று முதலாளி கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். முதல் முறை, முன்பு வேலை செய்த கொம்பனி பழைய திகதி போட்ட கடிதத்தைக் கொடுத்துத் தொலைக்க, விசா மறுக்கப்பட்டது. இந்த முறை பார்க்கிங்கில் விசா வழக்குப் பார்க்கிற லோயர் தானே கடிதத்தைத் தட்டச்சடித்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைப்பதாக லேடியும் சொல்லியிருந்தார். ஆனால் லோயர் இன்னொன்றும் சொல்லி வைத்தார். விசாக் கந்தோர்க்காரர் சில வேளை முதலாளிக்குப் போன் எடுத்து, இவள் இன்னும் வேலையில் இருக்கிறாளா என்று கேட்பார்களாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைக்கும் முன், அகதியாக வந்த புதிதில் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் நாள் கணக்காக வரிசையில் நின்றவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வேலை போனால் புருஷன் வரமாட்டான். கணக்கு அவ்வளவுதான்.

இவ்வளவும் தெரிந்த பெண் அந்த வியாழக்கிழமை ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால், நவம்பர் மாதம்தான் காரணம் என்று சொல்ல வேண்டும். நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். பேசாலையில் என்றால் சேமக்காலையில் புல்லுப் பிடுங்கி, கல்லறை கழுவி, வெள்ளை அடித்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். கவனிக்காமல் விட்ட கல்லறை, பிள்ளைகளுக்கு வெட்கக்கேடு. அருள்நாயகிக்குக் கழுவ ஒரு கல்லறை இல்லை. அவளுடைய தம்பி ஜெராட், இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், முள்ளிவாய்க்காலில் சனத்துக்குள் கை தவறிக் காணாமல் போனவன். உடம்பும் இல்லை, குழியும் இல்லை, பெயர் எழுதின ஒரு கல்லும் இல்லை. நவம்பர் பிறந்தால் அவளுடைய கை சும்மா இராது.

லேடி டொக்டரிடம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போர் நினைவு நாள், வீட்டுக்கு விருந்தாளிகள் வரப் போகிறார்கள். தூசி தட்டிக்கொண்டிருந்தவள் தகட்டுக்கு முன்னால் நின்றாள். இருபத்தொரு வயதுப் பிள்ளை, ஜெராட்டின் வயது. இப்படிக் கரி பிடித்துக் கிடக்க விடுவார்களா? துக்கம் என்றால் துடைக்கத்தானே வேண்டும்? லேடி வந்து பார்த்தால் மனம் குளிர்ந்துபோவார் என்றுகூட அந்த நேரம் அவளுக்குத் தோன்றியது. புத்தி எங்கே போனதோ தெரியாது.

கீழே குசினிக்குக் கொண்டுபோய், முதலில் சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊற வைத்தாள். பிறகு தன் சாப்பாட்டுப் பையிலிருந்த பழப்புளியை உப்போடு கரைத்துத் தேய்த்தாள். மெழுகும் புகைக்கரியும் பாளம் பாளமாகக் கழன்று வந்தன. இரவல் துக்கம் என்றாலும் துக்கம்தானே, தேய்க்கத் தேய்க்க அவளுக்கு அழுகை வந்தது. ஜெராட்டுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னாள், எட்வினுக்காக ஒன்று சொன்னாள். சிங்கம் தெரிந்தது, ஈட்டி பிடித்த பெண் தெரிந்தாள். கடைசியில் பெயர் தெரிந்தது.

ஹெர்பேட் ஜோன் ஸ்கட்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வாசித்தாள். எட்வின் இல்லை, வெதர்கோமும் இல்லை. இந்தப் பெயரை அவளுக்குத் தெரியும். பின்படிக்குப் பக்கத்தில், ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டில் எடுத்த வேலைக்காரர் படம் தொங்குகிறது. கீழே பெயர்கள் இருக்கும். ஹெர்பேட் ஸ்கட், மேசைப் பணியாள், காது இரண்டும் விரிந்த பொடியன். கிழமைக்கொரு தடவை அவன் முகத்துக் கண்ணாடியைத் துடைப்பதே அவள்தான்.

தொடாதே என்றது ஏன் என்று விளங்கியது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாள். அடுப்பைக் கொளுத்திப் புகை காட்டலாமா என்று யோசித்தாள். தகட்டை மறுபுறமாகத் திருப்பி வைக்கலாமா, தொலைந்துவிட்டது என்று சொல்லலாமா? தொலைந்தது என்றால் பொலிஸ் வரும். வெளியே சரளைக் கல்லில் கார் ஏறும் சத்தம் கேட்டது. அவள் ஓடிப் போய்த் தகட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். அது அங்கே இருந்து பளபளவென்று மின்னியது. இத்தனை நாள் மினுக்கியதில் எதுவும் இப்படி மின்னவில்லை.

கீழே வந்து நின்றாள். சுவரில் வரிசையாக மணிகள், ஒவ்வொன்றின் கீழும் அறையின் பெயர். எது அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் ஒன்றும் அடிக்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. அடிக்காமல் இருப்பது அடிப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. பிறகு நூலக மணி ஒரே ஒரு தரம் அடித்தது.

லேடி கணப்படுப்புக்குப் பக்கத்தில் மேலங்கிகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தகடு அவருடைய மடியில் இருந்தது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"வாசித்தீர்களா, மிசிஸ் பெனடிக்ற்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. வாசித்தேன் என்றாள். மன்னிப்புக் கேட்டாள், எங்கள் ஊரில் நவம்பரில் இறந்தவர்களுக்கு இப்படிச் செய்வோம் என்றாள். இங்கிலிஷ் பாதியில் அறுந்து போனது. லேடி கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தகட்டைத் தடவிக்கொண்டே, யாரோ அயலவரின் கதையைச் சொல்வது போலச் சொன்னார்.

எட்வின் சாகவில்லை. போர்முனையை விட்டு ஓடிவிட்டார். வேறு பெயரில் ஆர்ஜென்ரீனாவில் கிழவனாகித்தான் செத்தார். ஆனால் ஊருக்கு அவர் வீரமரணம் அடைந்தவர், தேவாலயச் சுவரில்கூடப் பெயர் இருக்கிறது. பிள்ளையை இழந்த எல்லா வீட்டுக்கும் தகடு வந்தபோது இந்த வீட்டுக்கு மட்டும் வராவிட்டால் ஊர் கேட்கும். அந்த நேரம் மேசைப் பணியாளின் தகடு வந்தது. அவனுடைய தாய் இதே வீட்டில் துணி துவைக்கிறவள் என்பதால், வீட்டு விலாசத்துக்கே வந்தது. எட்வினின் தாய் அதை எடுத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தி, மெழுகும் புகையும் பிடித்துப் பெயரை மறைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் இந்த வீட்டு எசமாட்டியேதான் அதைச் செய்வாள், வேலைக்காரர் கையில் கொடுப்பதில்லை. லேடிக்கு இப்போது கை நடுங்குகிறது.

"அந்தத் தாய்?" என்று அருள்நாயகி கேட்டாள். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டதே தெரிந்தது.

"சாகும் வரைக்கும் தபால்காரனைக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்," என்றார் லேடி.

அந்தத் துவைக்கிற பெண் கீழ்த்தளத்தில் ஈரக் கையோடு நிற்க, அவளுடைய மகன் இரண்டு மாடி மேலே எசமான் வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கிறான். அருள்நாயகிக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. ஏனென்றால் லேடி மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்து விரித்து வைத்தார். பார்க்கிங் லோயரின் கடிதம். பக்கத்தில் பேனாவையும் வைத்தார்.

"கறுப்பை எடுக்கத் தெரிந்தவருக்குப் போடவும் தெரியும்," என்றார். "ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்கள்."

மிரட்டல் என்று சொல்ல அதில் ஒரு சொல்லும் இல்லை. அருள்நாயகி தகட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பின்படியால் இறங்கினாள். குசினிக் கதவைச் சாத்தினாள். மெழுகை உருக்கினாள், திரியைத் தூண்டிவிட்டுப் புகையைக் காட்டினாள். ஹெர்பேட்டின் எழுத்துகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. நடுவில் ஒரு முறை நிறுத்தினாள். ஜெராட்டின் பெயர் எங்கேயாவது ஒரு தகட்டில் இருந்து, யாரோ ஒருத்தி இப்படிக் குனிந்து நின்று அதற்குக் கரி பூசினால்? அவளைச் சபித்திருப்பேன் என்று நினைத்தாள். பிறகு மற்ற எழுத்துகளையும் மறைத்தாள். லேடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கையெழுத்து வைத்துக் கொடுத்தார். இனி ஒவ்வொரு நவம்பரும் இது மிசிஸ் பெனடிக்றின் வேலை என்றார். அருள்நாயகி தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை லோயர் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். பெனடிக்ற் போன் எடுத்துச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான்.

"இந்த முறை ஓம் எண்டுவாங்கள், பாருமன். உமக்கு என்ன யோசனை?"

"ஒண்டுமில்லையப்பா. பயமாக் கிடக்கு."

"இனி என்ன பயம்? கடிதம் போயிட்டுதெல்லே?"

"அவங்கள் எப்பவும் போன் எடுத்துக் கேக்கலாம்," என்றாள். அவனிடம் அவளால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் முப்பது பேர் நினைவு நாளுக்கான சிவப்புப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு நின்றார்கள். லேடி எட்வினைப் பற்றி நாலு வசனம் பேசினார். எல்லோரும் தலை குனிந்தார்கள். கதவோரம் தேநீர்த் தட்டோடு நின்ற அருள்நாயகி ஹெர்பேட்டுக்காக மனதுக்குள் செபிக்கப் பார்த்தாள். உதடு அசைந்துவிடுமோ என்ற பயத்தில் முதல் வரியே தடுமாறியது.

விருந்தாளிகள் கலைகிற நேரத்தில் ஒருவர் அவளிடம் வந்தார். இந்தப் பகுதியின் போர்க்காலச் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதுகிறவர், அன்பான முகம். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். இந்த வட்டாரத்தில் இறந்த எல்லாருடைய தகட்டையும் கண்டுபிடித்துவிட்டாராம், ஒன்றே ஒன்றைத் தவிர. இந்த வீட்டுப் பணியாள் ஒருவனுடையது. எசமானர்களுக்கு இதெல்லாம் தெரியாது, அலுமாரிகளைத் திறந்து மூடுகிற உங்களுக்குத்தான் தெரியும் என்று சொல்லிச் சிரித்தார்.

"ஹெர்பேட் ஸ்கட். எங்கேயாவது கண்ணில் பட்டதா?"

அவருடைய தோளுக்குப் பின்னால் தகடு கறுப்பாக இருந்தது. அதற்குக் கீழே லேடி, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இவளைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சேர்," என்றாள் அருள்நாயகி. "அப்பிடி ஒண்டும் நான் காணேல்லை." இங்கிலிஷில் சொல்ல நினைத்தது தமிழில் வந்துவிட்டது. தலையை ஆட்டி, நோ சேர் என்று திருத்தினாள்.

அவர் பெருமூச்சு விட்டு, பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே, கிடைக்கவில்லை என்று எழுதினார். பிறகு பேனாவை மூடாமல், புத்தகத்தில் உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லும் பக்கம் இருக்கிறது, உங்கள் பெயரையும் போட வேண்டும் என்றார். மிசிஸ் பெனடிக்ற் என்று அவள் சொன்னாள். அது போதாது, உங்களுடைய சொந்தப் பெயர் முழுவதும் வேண்டும், பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று கேட்டார். அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டு, அழகான கையெழுத்தில், ஹெர்பேட் ஸ்கட்டுக்குக் கீழே எழுதிக்கொண்டார்.